சீரகத் தண்ணீர் கொடுத்த இரண்டு நாட்கள்

1
பெர்ன்ஹில்லில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஜெஸிந்தா ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் செவிலி. ஒரு தாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டதாக என்னிடம் கூறினாள். வேலையைப் பாதியில் விடுபவர்களை நான் பொறுப்பதில்லை. அந்தப் பதிலை எழுதித் தருவதாகச் சொல்லி அமர்ந்தேன்.

மூடுபனி மலையைத் தழுவிய ஒரு காலையில்…
(அடித்துவிட்டேன். பனிக்கு இக்கதையில் வேலையில்லை.)

2
நடுவட்டத்தருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சசிரேகா கொழுந்து பறிக்கிறாள். கணவன் தினகரன் கொழுந்து லாரி ஓட்டுகிறான். மகள் இந்துமதிக்கு ஒன்றரை வயது. எட்டாம் மாதத்தில் உட்கார்ந்த குழந்தை, ஒரு காய்ச்சலுக்குப் பின் உட்காரவேயில்லை. மரபணுச் சோதனையின் முடிவு வந்த அன்று, அதை அவர்களுக்கு விளக்கும் பொறுப்பு ஜெஸிந்தாவுக்கு.

மூளையின் நரம்பணுக்கள் கிளைவிட்டு வளர்பவை என்று தொடங்கினாள். கிளையின் நுனிக்கு ஆற்றல் வேண்டும். அதைத் தரும் மைட்டோகாண்ட்ரியா நீளமாகப் பின்னிக் கிடந்தால் அங்கே போய்ச் சேராது. சிறிது சிறிதாகப் பிரிய வேண்டும். பிரித்துவிட ஒரு புரதம் உண்டு. அதன்மேல் ஒரு சிறு வேதி ஒட்டு ஏறினால்தான் அது வேலையைத் தொடங்கும். இந்துமதிக்கு அந்தப் புரதம் பிறவியிலேயே பிறழ்ந்திருந்தது. ஒட்டு சரியாக ஏறவில்லை.

"சீட்டுக் கட்டாத மூட்டை மாதிரிங்களா சிஸ்டர்? நானே ஏத்த மாட்டனுங்க. அங்கயேதான் கெடக்கும்," என்றான் தினகரன்.

"மொதல்ல நீங்க லாரிய உட்டு எறங்குங்க," என்றாள் சசிரேகா.

[உவமை முழுமையன்று. விட்டுப்போன மூட்டையை மறுநாள் ஏற்றலாம். வளரும் மூளை மறுநாளுக்குக் காத்திருப்பதில்லை. ஜெஸிந்தாவுக்கு இது தெரியும். அவள் சொல்லவில்லை, நானும் சொல்ல வைக்கவில்லை.]

3
பிறகு ஜெஸிந்தா கண்டிப்பாக ஒன்றைச் சொன்னாள். இனிக் காய்ச்சல் வந்தால் பட்டினி போடவே கூடாது. மூன்று மணி நேரத்துக்கொருமுறை பால் கொடுக்க வேண்டும். குழந்தை குடிக்காவிட்டால் உடனே தூக்கிவர வேண்டும். ஏற்கெனவே தடுமாறும் ஆற்றல், வெறும் வயிற்றில் இன்னும் குறைந்துவிடும்.

சசிரேகா மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வயிறு காய்ந்தால் காய்ச்சலும் காயும் என்பது அவள் குடியிருக்கும் லயத்தின், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், வழக்கம்.

"அன்னைக்குக் காய்ச்சலப்ப ரெண்டு நாள் வெறும் சீரகத் தண்ணிதாங்க குடுத்தேன். பாலுக்கு அழுதுச்சு. நாந்தான் குடுக்கல."

தினகரன் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் ஜெஸிந்தாவையே பார்த்தாள்.

"அப்ப, என்னாலதானுங்களா சிஸ்டர்?"

4
நான் எழுதிய முதல் வரைவில் ஜெஸிந்தா 'இல்லை' என்றாள். அன்பான பதில், ஆனால் அடுத்த காய்ச்சலில் லயம் சொல்வதையே சசிரேகா மறுபடி கேட்டுவிடலாம். கிழித்தேன். 'ஓரளவு' என்று பதில் எழுதிய தாளில், சசிரேகா குழந்தையுடன் நடுவட்டம் பேருந்தில் ஏறி ஜன்னலோரம்…

அதற்குமேல் எழுதவில்லை.

பிழை பிறப்புக்கு முன்னரே இருந்தது. பட்டினி இல்லாதிருந்தால் அந்தக் காய்ச்சலைக் குழந்தை தாங்கியிருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. மெய் இவ்வளவே. அதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வாக்கியம் எனக்கு அமையவில்லை.

உண்மையில் ஜெஸிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். "பாப்பா கடைசியா எப்பப் பால் குடிச்சா?"

"ஒம்பதுக்குங்க."

"மணி பன்னண்டாச்சு. குடுங்க."

சசிரேகா முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினாள். கண்களை மட்டும் ஜெஸிந்தாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

வாசகரே, ஜெஸிந்தாவின் நாற்காலியில் இப்போது நீங்கள் அமருங்கள். இந்துமதி மெதுவாகக் குடிக்கும் குழந்தை. அவள் முடிக்கும்வரை பதில் சொல்ல உங்களுக்கு நேரம் உண்டு.