ஹாப்பலா ஆஜராகவில்லை

ஓடுகிற அப்பாக்களைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வடக்கு மின்னசோட்டாவில் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்தின் மாடியில், பிரிந்துபோன அப்பாக்களிடம் குழந்தைப் பராமரிப்புப் பணம் வசூலிக்கிற பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆள் புது வேலையில் சேர்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வண்டி வாங்கினால் தெரியும். மான் வேட்டைக்கு உரிமம் எடுத்தாலும் தெரியும். மளிகைக் கடையில் என்னைக் கண்டதும் சில ஆண்கள் தள்ளுவண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு நழுவுவார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, பொய் சொல்வானேன்.

டுவேன் ஹாப்பலா மட்டும் சிக்கவில்லை. வங்கிக் கணக்கு கிடையாது, தொலைபேசி கிடையாது. படகுப் பட்டறைகளில் கூலிக்கு வேலை பார்ப்பான், பட்டறைக்காரர் தருகிற மூலையில் படுத்துக்கொள்வான். ஊரில் எல்லோருக்கும் அவனைத் தெரியும், என்னிடம் மட்டும் யாருக்கும் தெரியாது.

அவனைத் தேட வைத்தவள் கரீன். நான்கு வயது மகள் லின்னியாவுக்கு அரசு மருத்துவ உதவி கேட்டு வந்தாள். அந்த உதவியை யார் கேட்டாலும், குழந்தையின் அப்பா யார் என்று நாங்கள் கேட்காமல் விடுவதில்லை. பிறப்புச் சான்றிதழில் அந்த இடம் காலியாக இருந்தது.

"டுவேன்தான்," என்றாள் கரீன்.

"அந்தச் சமயத்துல வேற யாராவது...?" இதை நான் எல்லாத் தாய்மாரிடமும் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாக்கு கூசும்.

கரீன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பெரிய பெரிய செதில்களாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, பக்கத்து மேஜைப் பெண் இருமிய பிறகுதான் இருவருக்கும் விழிப்பு வந்தது.

"அவ பொறந்தப்ப தொப்புள்கொடியை வெட்டினது அவருதான். பல்லு முளைக்கிறப்ப விடிய விடியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்ததும் அவருதான். நாங்க இப்ப சேர்ந்து இல்ல, அது வேற கதை. வேற யாரை எழுதச் சொல்றீங்க மேடம்?"

"சரி, ஆள் எங்க?"

"குளிர்காலத்துல ஏரியில இருப்பாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஏரிக்கு விலாசம் கிடையாது. டிசம்பரில் கில்மோர் ஏரி இறுகியதும், ஊரே மரக்குடில்களை இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்கட்டி மேல் குடியேறிவிடும். தரையில் துளை போட்டு, அடுப்பு மூட்டி, மீனுக்காகக் காத்திருப்பார்கள். மார்ச் வந்தால் அந்த ஊரே காணாமல் போகும். ஆள் கிடைக்காவிட்டால் அதோடு வழக்கை மூடிவிடலாம் என்று கவுண்டி வக்கீல் சொல்லிவிட்டார். மூடினால் லின்னியாவுக்குச் சட்டப்படி அப்பா என்று எவரும் இல்லை.

எங்கள் ஊர் ஆண்கள் நீதிமன்றத்துக்கு டிமிக்கி கொடுப்பார்கள், பெண்டாட்டிக்கும் டிமிக்கி கொடுப்பார்கள். மீன் சட்டத்தை மட்டும் மீற மாட்டார்கள். ஏரி மேல் நிற்கிற குடிலின் வெளிச்சுவரில் சொந்தக்காரன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். இத்தனை வருஷம் இதே ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு அது உறைக்கப் பிப்ரவரி ஆகிவிட்டது.

ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர் ரூடியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சம்மனைக் கையில் கொடுக்க வேண்டியது அவர். ஏரிக்குள் வண்டி இறங்கியதும் ரூடி கண்ணாடிகளை இறக்கினார், இருவரும் பெல்ட்டைக் கழற்றினோம். பனிக்கட்டி உடைந்தால் நீந்திப் போகத்தான். அன்று மூடுபனி. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் நாங்கள் நகர்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. எங்கோ அடியில் பனிக்கட்டி நீளமாக முனகியது. பயமாக இருக்க வேண்டிய இடம், எனக்கென்னவோ தூக்கத்துக்குள் போவது மாதிரி இதமாக இருந்தது.

குடில்கள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வந்தன. முதல் குடில் வாசலில் ஒரு கிழவர் வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"டுவேனா? அவன் போய்ச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு!" என்றார்.

"முந்தாநாள் உன் துளைப்பானை ரிப்பேர் பண்ணித் தந்தானே, ஆவியா வந்தா தந்தான்?" என்றார் ரூடி.

"ஓ, அந்த டுவேனா. அவன் ஃப்ளோரிடா போயிட்டான்."

"உங்களுக்கு அவன் இருக்கிற இடம் தெரியுமா?" என்று நான் ரூடியைப் பிடித்துக்கொண்டேன். "முன்னாடியே தெரியுமா?"

"நீ கேக்கவே இல்லையே மார்லிஸ்," என்று பல்லைக் காட்டினார் மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏரியே உருகியிருக்க வேண்டும்.

நீலச் சாயம் பூசிய குடில். கதவுக்குப் பக்கத்தில் சட்டப்படியான அளவில், நேர்கோட்டில், 'டி. ஹாப்பலா'. அதற்குக் கீழே, முட்டி உயரத்தில், கோணல்மாணலாக இன்னொரு பெயர்: 'லின்னியா'. கடைசி எழுத்து இடம் பத்தாமல் மூலையைத் திரும்பி அடுத்த சுவருக்குப் போயிருந்தது. கதவைத் தட்ட எடுத்த கையை ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தேன்.

உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தரையில் வட்டத் துளை, அதற்குள் பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர். டுவேன் ஒல்லியாக, சிவந்த தாடியோடு, தூண்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது. ஆனால் எங்கள் ஊர்க்காரன் ஆயிற்றே, முதலில் காபி ஊற்றினான்.

"பேரை எழுதாம இருந்திருக்கலாமே டுவேன்," என்றேன்.

"அது எப்படி மேடம்? சட்டமில்லையா?"

நான் கோட்டுப் பையிலிருந்து கையுறையை எடுத்தபோது கூடவே அந்த உறையும் வெளியே வந்துவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுக்கிற பஞ்சுக் குச்சி, அப்பா யார் என்று பரிசோதிக்க. டுவேன் அதைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அது வேணாம். அது மட்டும் வேணாம் மேடம். காசு கேளுங்க, தர்றேன். மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்கங்க. அதை மட்டும் என் வாயில வைக்காதீங்க."

இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கி, 'நான் இல்லை' என்று நிரூபித்துவிட்டுக் குதித்துக்கொண்டு போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

"ஏன் டுவேன்?"

அவன் துளையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "லின்னியா பொறக்கறதுக்கு முந்தின கோடையில கரீன் என்னை விட்டுட்டுக் கொஞ்ச நாள் போயிருந்தா. திரும்பி வந்தா. நான் ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரியில ஒரு தாளை நீட்டி, 'நான்தான் பெத்தவன்'னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சத்தியம் பண்றது? கை வரல. ஆனா மேடம், அந்தக் குச்சி 'இல்லை'ன்னு சொல்லிடுச்சின்னா? இப்ப கரீனுக்கு வேற ஒருத்தர் இருக்காரு. நல்ல மனுஷன்தான். நாளைக்கு மாநில எல்லையைத் தாண்டி டக்கோட்டா பக்கம் போறாங்கன்னு வைங்க, பின்னாடியே போய்ப் புள்ளையக் காட்டுங்கன்னு கேக்க நான் யாரு?"

"அதனால ஒளிஞ்சுக்கிட்டே?"

"பார்ல பேசிக்கிட்டாங்க. கோர்ட்டுக்குப் போகலைன்னா ஜட்ஜே அப்பான்னு எழுதிடுவாராம். ஒருத்தன் அழுதே அழுதுட்டான், 'போகாம இருந்து மாட்டிக்கிட்டேன்'னு. அப்ப நானும் சிக்காமலே இருந்துட்டா..."

அட மடையா! பாதியைக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். சம்மன் கையில் கிடைத்த பிறகு வராமல் இருப்பவனைத்தான் நீதிபதி அப்பா என்று அறிவிக்க முடியும். சம்மனே வாங்காதவன் வழக்கு மூடப்படும். மகளை வைத்துக்கொள்ளத்தான் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்தான், இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்திருந்தால் அவளை இழந்திருப்பான்.

இதை நான் சொல்லக்கூடாது. எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லாதே, நீ அம்மா பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை. நாக்கின் நுனியில் எல்லாமே நின்றது. அடுப்புச் சூட்டில் குடில் லேசாக ஆடுவது போலிருந்தது. ரூடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூடி, அதை அவர் கையில கொடுங்க," என்றேன்.

ரூடி கொடுத்தார். டுவேன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் நகலைப் பிரித்தேன். அச்சடித்திருப்பதை வாசித்துக்காட்டுவது ஆலோசனை ஆகாது. வாசித்தேன்: "நீங்கள் தந்தை அல்ல என்று கருதினால், பதில் மனு கொடுத்துப் பரிசோதனை கோரலாம். பதில் கொடுக்காமலும், விசாரணை நாளில் ஆஜராகாமலும் இருந்தால், நீங்கள் இல்லாமலேயே நீதிமன்றம் உங்களைத் தந்தை என அறிவிக்கக்கூடும்."

தூண்டில் ஆடியது. யாரும் தொடவில்லை.

"இன்னொரு தடவை படிங்க மேடம்," என்றான் டுவேன்.

இன்னும் மெதுவாகப் படித்தேன். துளைக்குள் ஏதோ ஒரு மீன் வெளிச்சத்துக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"அப்ப நான் சத்தியம் எதுவும் பண்ண வேண்டாமா?"

"எனக்குச் சட்டம் தெரியாது டுவேன். எழுதியிருக்கறதைப் படிக்கத்தான் தெரியும்."

பஞ்சுக் குச்சி உறையைக் கோட்டுப் பையின் அடியில் திணித்தேன். வெளியே வந்ததும் ரூடி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இந்தக் குளிரு இருக்கே," என்றார். குளிர் மேல் பழி போட்டுக்கொண்டு நானும் கண்ணைத் துடைத்தேன்.

விசாரணை ஏப்ரலில் வந்தது. ஏரியில் பனி உடைந்து, ஊர் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற சத்தம். நீதிமன்ற அறையில் கரீன் முன் வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். காவலர் வராந்தாவுக்குப் போய், "டுவேன் ஹாப்பலா!" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறையும் கூப்பிட்டார். அந்தப் பெயர் காலியான படிக்கட்டில் இறங்கிப் போனது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்திருக்கக் கூடாது. கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் டுவேன் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் வைத்துப் படிய வாரிய தலை. கழுத்தில் டை, யாரிடமோ கடன் வாங்கியது, தொப்புளுக்குக் கீழே தொங்கியது. தோள் மேல் லின்னியா, அவன் காது இரண்டையும் பிடித்துக்கொண்டு.

நீதிபதி வயதானவர், வேகமாகப் பேசுகிற அம்மாள். கோப்பைப் புரட்டியபடி கரீனிடம் கேட்டார்: "குழந்தை இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அவ அப்பாகிட்ட," என்றாள் கரீன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகக் கரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். ஒரு கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவர் அங்கிருந்து பார்வையை எடுக்க நீண்ட நேரம் ஆனது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சா?" என்று காவலரைக் கேட்டார்.

"ஆச்சும்மா."

"வரலை. எழுதிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, டுவேனைத் தந்தை என அறிவிக்கிற உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

நான் படியில் இறங்கி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். டுவேன் என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"கூப்பிட்டாங்களா மேடம்?"

"கூப்பிட்டாங்க."

"நான் இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லைன்னு எழுதிட்டாங்க டுவேன். முடிஞ்சுது."

அவன் அங்கேயே, சேற்றில், முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். டையின் நுனி தண்ணீரில் நனைந்தது. லின்னியா அவன் தாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏம்பா அழற?"

"ஒண்ணுமில்லடா கண்ணு," என்றான். "அப்பா வரலையாம்."