டப்பாவுக்குள் பாஞ்சாலை

பிரபாகரன் புதுச்சேரி ஆய்வுக்கூடத்தில் பெற்ற தாயைச் சின்ன டப்பாவில் வைத்துக் காப்பாற்றி வந்தான். முழுத் தாயை அல்ல. அம்மா பாஞ்சாலைக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மிஞ்சிய தோலை, அவள் சம்மதத்தோடு வாங்கி வந்து வளர்த்திருந்தான். உடம்புச் சூடு குறையாத பெட்டி, வேளா வேளைக்குச் சத்து நீர், ஞாயிற்றுக்கிழமையும் நேரில் போய் நலம் விசாரிப்பு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த மிச்சப் பாஞ்சாலைக்குப் பொங்கலுக்கு மட்டும் தரிசனம்.

புது க்ரீம் எதுவானாலும் முதலில் டப்பாத் தோலில் தடவுவார்கள். அது தாங்கினால் மனுஷத் தோலும் தாங்கும் என்பது கணக்கு. உப்பளத்துக் கால்களுக்கென்று அவன் கம்பெனி ஒரு க்ரீம் செய்தது. சோதனை முடியும்வரை பொறுக்காத நம் விஞ்ஞானி, வாசனை நன்றாயிருக்கிறதே என்று பொங்கலுக்குப் போனபோது அம்மாவுக்கு இரண்டு ட்யூப் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்று காலை, அந்த க்ரீமைத் தடவியிருந்த டப்பாத் தோல் செத்துக் கிடந்தது.

போனில் கேட்டால், சூப்பரா இருக்குது என்றாள் அம்மா. நம்பாமல் பஸ் ஏறினான்.

பாஞ்சாலை பாத்தியில், கலங்கிய கணுக்கால் தண்ணீரில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். காலைக் காட்டச் சொன்னான். வேலை கிடக்குது என்றாள். பக்கத்துப் பாத்திக் குப்பம்மாள்தான் போட்டுக்கொடுத்தாள்:

"உன் தலை தெரிஞ்சதும் சோத்த வெச்சிட்டு உள்ள இறங்கிட்டாப்பா. நடக்க முடியாதவளுக்கு என்னா வேகம்."

பிரபாகரன் ஷூவோடு இறங்கி அம்மாவின் காலைத் தூக்கினான். விரல் முதல் கணுக்கால்வரை சிவந்து உரிந்திருந்தது. டப்பாத் தோலின் கணிப்பு அச்சு அசலாகப் பலித்திருந்தது. இதற்குத்தான் மேடையில் கைதட்டுவார்கள். தன் ஆராய்ச்சி பொய்த்திருக்கக் கூடாதா என்று அவன் முதல்முறையாக வேண்டிக்கொண்டான்.

"ஏம்மா சொல்லல?"

"எம் புள்ள செஞ்ச மருந்துன்னு பக்கத்து ஊரு அனுமந்தை வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன். எரியுதுன்னு எப்படிடா சொல்றது?"

அவளை வரப்பில் உட்காரவைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் காலில் ஊற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குப் போன் போட்டான்.

"உன் டப்பாவுல ஒருத்தி இருக்காளே, அவளுக்கும் இப்படித்தான் எரிஞ்சுதா?"

"அதுக்கு வலி தெரியாதும்மா. நரம்பு கிடையாது."

"குடுத்து வெச்சவ. சரி, அவளுக்குச் சோறு போடற நேரமாச்சே, கிளம்பு."

"அவ செத்துட்டாம்மா."

பாஞ்சாலை சற்று யோசித்தாள்.

"அப்போ ரெண்டு நாளு இங்கியே இரேன்."