வெள்ளத்தாய் சொன்ன காரணம்

...எழுதி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், எப்போதும் அப்படித்தான், பெயர், வயது, ஊர், வந்த நேரம், உட்கொண்டது என்ன, காரணம், இந்த வரிசையில் பேனா ஓடி நின்ற பிறகுதான் எதிரே ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரிகிறது. வெள்ளத்தாய், எழுபத்தொன்று, சொந்த ஊர் கான்சாபுரம், இருப்பது ராஜபாளையத்தில் மகன் வீட்டில், காரணம் வயிற்று வலி. அந்தத் தாள் இப்போது என் மடியில் இருக்கிறது, ஆம்புலன்ஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போகிறது, எதிரே ஸ்ட்ரெச்சரில் அவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், முழங்காலை வயிற்றோடு மடக்கி. காலை ஆறு மணிக்கு டூட்டிக்கு வந்தது, இன்னும் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை, கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன், மூடக் கூடாது, நோயாளியோடு போகிறவள் தூங்கினால் நன்றாகவா இருக்கும்.

நேற்று மதியம் வீட்டில் இருந்த மாத்திரைகளை எல்லாம் மொத்தமாக விழுங்கிவிட்டார். எங்கள் அவசரப் பிரிவில் வயிற்றைக் கழுவிப் படுக்க வைத்தார்கள், இன்று காலை உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் இப்படிச் செய்தவர்களை, அதிலும் அறுபதைத் தாண்டியவர்களை, மனநல டாக்டர் பார்க்காமல் வீட்டுக்கு விடக் கூடாது, அது எங்கள் ஆஸ்பத்திரியின் விதி, அந்த டாக்டர் எங்களிடம் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் செவ்வாயும் வெள்ளியும் உட்காருகிறார். தாளை நிரப்புவதும் கூடப் போவதும் என் வேலை. விலங்கியல் படித்தவளுக்கு இது என்ன வேலை என்று வத்திராயிருப்பில் அம்மா இன்னும் கேட்கிறாள், எழுத்து நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள், ஏழு மாதமாகிறது, எழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வாரம் இப்படி வந்த ஒரு பெரியவருக்கு, காரணம் என்ற இடத்தில் மகன் கை ஓங்கியதால் என்று எழுதப் போனேன், பரிபூரணம் சிஸ்டர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். ஏட்டி காளீஸ்வரி, நீ என்ன கோர்ட்டுக்கா எழுதுற, வயித்து வலின்னு போடு, போலீஸ்ல இருந்து பக்கத்து வீடு வரைக்கும் அதான் எழுத்து, நாளைக்கு அந்த மனுசன் அதே வீட்டுக்குத்தான போகணும், நீயா சோறு போடப் போற. அன்றிலிருந்து எல்லோருக்கும் வயிற்று வலி, மகள் பேசாமல் போனவருக்கும், மனைவி செத்து நாற்பது நாளானவருக்கும். நிஜமான காரணத்தை அங்கே போனதும் டாக்டரிடம் மெதுவாகச் சொல்லிவிட வேண்டும், தாளில் ஒன்று, காதில் ஒன்று. இதில் ஒரு கருணை இருக்கிறது என்றுதான் நினைத்தேன்... இருக்கத்தான் செய்கிறது.

முன்னால் டிரைவர் தவசிமுத்து அண்ணனும் வெள்ளத்தாயின் மகன் முத்துப்பாண்டியும் பேசிக்கொண்டு வருவது நடுவில் உள்ள சிறிய ஜன்னல் வழியாகக் கேட்கிறது. எம்புட்டு நேரம்ணே ஆகும், எனக்கு ரெண்டு மணி ஷிப்டு, மில்லுல ஏற்கெனவே மொறைக்கான். தவசிமுத்து அண்ணன் சிரிக்கிறார், டாக்டரம்மா ஆளுக்கு அஞ்சு நிமிசம்தாம்யா, ஒங்காத்தாவ விட நம்மளத்தான் கூடக் கொஞ்ச நேரம் ஒக்கார வச்சுப் பாக்கணும். மகன் சிரிக்கவில்லை. வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, வெள்ளத்தாய் சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தார், ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. ஏ தாயி, அந்த டிரைவர்ட்டச் சொல்லு, செத்த மெதுவாப் போகச் சொல்லு, வயிறு பிடுங்குது. நான் ஜன்னலைத் தட்டிச் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். பிறகு அவரிடம், குழாய் விட்டுக் கழுவினாங்கல்ல ஆச்சி, அந்த வலி ரெண்டு நாளைக்கு இருக்கும் என்றேன், இதை எல்லோரிடமும் சொல்வேன், சொல்லும்போது வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன். அவர் கண்ணைத் திறந்தார். ஏட்டி, கொழாய் விட்ட வலி தொண்டையில இருக்கு, அது எனக்குத் தெரியாதா, இது இங்கன, இது கார்த்திகையில இருந்து இருக்கு.

கார்த்திகை. இது மாசி. அவர் கை வைத்துக் காட்டியது தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே, எனக்குத் தெரிந்த வயிறுகள் ஆய்வகத்தில் நான் அறுத்த கரப்பான் பூச்சியுடையதும் படத்தில் பார்த்த எலியுடையதும்தான், இருந்தாலும் அங்கே என்னென்ன இருக்கும் என்று மனம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறது, இரைப்பை, கணையம், பித்தப்பை... தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்தவள். யார்கிட்டயாவது சொன்னீங்களா ஆச்சி. எல்லார்ட்டயும் சொன்னேன், நேத்து ஒங்க டாக்டர்ட்டயும் சொன்னேன், சரி சரின்னு தலைய ஆட்டுனாவ, ஒங்கிட்டயும்தான் சொன்னேன், நீ எழுதிக்கிட்டயே. எழுதிக்கொண்டேன், ஆமாம். மற்றவர்களுக்கு வயிற்று வலி என்பதை உறவுக்காரர்கள்தான் சொல்வார்கள், படுத்திருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், இவர் ஒருவர்தான் தன் வாயால் சொன்னார், என் கண்ணைப் பார்த்து, வலி தாங்கல தாயி, அதான் என்று. பரவாயில்லை, இந்த அம்மா நமக்கு வேலை வைக்கவில்லை என்று நினைத்தேன். அப்படியா நினைத்தேன்? அப்படித்தான்.

மருமகள் மாரிசெல்வி நேற்று வராந்தாவில் அழுதுகொண்டிருந்தது ஞாபகம் வருகிறது, நான் ஒண்ணுமே சொல்லல மேடம், வச்ச சோத்த அப்படியே தள்ளி வச்சாவ, தினமும் தள்ளி வச்சா எனக்கும் மனசு இல்லையா, என் கொழம்பு எறங்கலன்னா ஒங்க மகள் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன், அம்புட்டுதான். சரி, இதுதான் காதில் சொல்ல வேண்டியது, மருமகளோடு சாப்பாட்டுச் சண்டை என்று மனதில் குறித்துக்கொண்டேன். சோறு ஏன் இறங்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அவளுக்காவது கோபம் இருந்தது. வெள்ளத்தாயின் ஜாக்கெட்டில் இரண்டு தோளிலும் துணியை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறது, அளவெடுத்துத் தைத்த உடம்பு இந்த நான்கு மாதத்தில் அதற்குள்ளிருந்து எங்கோ போய்விட்டது, நேற்றும் அந்த ஊக்குகள் அங்கேதான் இருந்திருக்கும். தாளில் ஒரு கேள்வி உண்டு, இறக்கும் எண்ணம் இருந்ததா, யாரிடமும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆம் என்று டிக் செய்துவிடுவேன். இன்று கேட்டேன், ஏன் கேட்டேனென்று தெரியவில்லை, சாகணும்னு நினைச்சீங்களா ஆச்சி. யாருட்டி சாக நெனச்சா, வலி நிக்கணும்னு நெனச்சேன், ஒரு மாத்திரைக்கு நிக்கல, ரெண்டுக்கு நிக்கல, பொறவு அம்புட்டையும் போட்டேன். பிறகு அவராகவே, அப்படியே போனாலும் போகட்டும்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாதுல்ல என்றார். இதற்கு எங்கே டிக் செய்வது. தாளில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது, கிளை ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நல்ல கூட்டம், எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர், சக்கர நாற்காலியில் வெள்ளத்தாய் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், நான் பின்னால் நின்றபடி என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டுகிறேன், கட்டிக் கட்டிக் கலைகிறது. கல்லூரியிலும் அப்படித்தான், விடை தெரியும், கை தூக்க மாட்டேன், வேறு யாராவது சொன்ன பிறகு எனக்கும் தெரியும் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். இங்கே வேறு யார் சொல்வார்கள்? உள்ளே போனதும் டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார், அவருக்கும் களைப்பு, கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே, வயித்து வலி, சரி, என்று அடுத்த வரிக்குப் போனார், பிறகு வழக்கம்போல என் பக்கம் சாய்ந்து, நிஜத்துல என்னம்மா என்று கேட்டார். நான் வயிற்று வலிதான் டாக்டர் என்றேன். அது தெரியும்மா, வீட்டுல என்ன நடந்துச்சு. வீட்டுல... சண்டையும் இருக்கு டாக்டர், ஆனா நிஜமாவே வயித்து வலி, கார்த்திகையில இருந்து, சாப்பிட முடியல, இளைச்சுட்டாங்க. இத்தனை வார்த்தை அந்த அறையில் நான் பேசியதே இல்லை, காது சூடாகிவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு, அதுவரை யாருமே பார்க்காத ஒன்றைப் பார்ப்பதுபோல, வெள்ளத்தாயின் வயிற்றைப் பார்த்தார். படுக்க வைத்து அழுத்தினார், ஓரிடத்தில் விரல்கள் நின்றன, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றன. மனசு சங்கதியும் நான் பாக்கணும், ரெண்டும் இருக்கலாம், முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க என்று எழுதித் தந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் முத்துப்பாண்டி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஸ்கேனா, அங்கன எம்புட்டுப் பேரு ஒக்காந்திருக்காங்க பாருங்க, எனக்கு ஷிப்டு போயிரும், வெள்ளிக்கிழமை கண்டிப்பாக் கூட்டிட்டு வாரேன் மேடம். வெள்ளிக்கிழமை என்று சொன்னவர்கள் யாரும் இந்த ஏழு மாதத்தில் வெள்ளிக்கிழமை வந்ததில்லை, அவர்களைப் பற்றிப் பிறகு நானும் விசாரித்ததில்லை. இன்னைக்கே எடுத்துருங்கண்ணே என்றேன். அவனுக்கு நேற்றிலிருந்து தூங்காத முகம், எரிச்சலோடு, எனக்கு மட்டும் ஆத்தா மேல பாசம் இல்லையா, எம் பொஞ்சாதி சமையல் பிடிக்காமத்தான் அப்படிச் சொல்லுதுன்னு நானும் இருந்துட்டேன், சரி எடுப்போம், எடுத்து ஒண்ணும் இல்லன்னு வந்தா ஒங்களைத்தான் மில்லுக்கு வந்து பதில் சொல்லச் சொல்லுவேன், பாத்துக்கோங்க. தவசிமுத்து அண்ணன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே வந்து, ஏ காளீஸ்வரி, பேசுனது நீயா, நான் ரேடியோன்னுல்ல நெனச்சேன் என்றார், எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பரிபூரணம் சிஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், அங்கே இன்னொரு ஆள் வந்திருக்கிறாராம், தாள் நிரப்ப யாருமில்லையாம், எப்பட்டி வருவ. செத்த நேரம் சிஸ்டர் என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூப்பிட்டார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கதவு வரைக்கும் போனேன், வெள்ளத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்தார், கை சில்லென்று இருந்தது, பயத்தில் கேட்பார் என்று குனிந்தேன், அதுல தெரிஞ்சுரும்ல தாயி என்றார், குரலில் பயம் இல்லை, கிட்டத்தட்ட ஆசை. தெரிஞ்சுரும் ஆச்சி. கதவு மூடியது. முத்துப்பாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒண்ணும் இருக்கக் கூடாது, ஒண்ணும் இருக்கக் கூடாது என்று முணுமுணுக்கிறான், மகன் என்றால் அப்படித்தானே வேண்டிக்கொள்வான். நானும் கண்ணை மூடினேன், அதையேதான் நானும் வேண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மூன்று மூச்சு, நான்கு மூச்சு... ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் டாக்டர் இனி என் பக்கம் சாய்ந்து கேட்க மாட்டார், இவன் அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவான், அங்கே மறுபடியும் தட்டு தள்ளப்படும், யாரும் அவரை நம்ப மாட்டார்கள், என்னையும்... ஏதாவது இருக்கட்டும், சின்னதாகவாவது ஏதாவது இருக்கட்டும். எழுபத்தொரு வயது மனுஷியின் வயிற்றுக்குள் ஏதாவது இருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அது அவருக்காகவா என்று என்னால் சொல்ல முடியவில்லை.