இரண்டுக்கும் இடமில்லாத பெட்டி

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. 2008 ஆடி மாதம், மன்னாரில் நான் வேலை செய்த நிவாரணக் கந்தோரின் சேர்வர் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றப் போய், கந்தோரையே செவிடாக்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘பள்ளிமுனைக் கடலில் சூரியன் செம்மையாக—’

விட்டுவிட்டேன். அன்று நான் கடலையே பார்க்கவில்லை. செம்மையாக இருந்தது திரையில் வந்த எச்சரிக்கை.

2

வாசகருக்கு ஒரு விளக்கம். அந்த மென்பொருள் ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகளைக் குடிவைக்கும். ஒவ்வொன்றும் வீடு முழுவதும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும். (இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அந்த நம்பிக்கை மட்டும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.)

மூன்றாவது கணினியின் வேலை, ரேடியோ வழியாக வரும் மின்னஞ்சலை வாங்குவது. தொலைபேசி அறுந்தபிறகு வன்னிப் பக்கத்து இலுப்பைக்கடவைக் கிளையிலிருந்து செய்தி வர அது ஒன்றே வழி. அந்தக் கணினி ஓடும்வரை ரேடியோப் பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் எரியும். யாரோ அதற்கு மேல் மடு மாதாவின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கடந்து போகிறவர்கள் சிலுவை அடையாளம் போடுவார்கள். அந்த வெளிச்சத்தை ஒருவரும் அணைப்பதில்லை.

காலையில் மூன்றுக்கும் பிரதி எடுத்தேன். பிறகு மூன்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டை நிறுத்தினேன். மாதாவின் முகத்துக்கு முன்னால் பச்சையை அணைக்கக் கை வரவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு மாற்றத்தைத் தொடங்கினேன்.

பாதி வழியில் ரேடியோ இரண்டு தரம் கூவியது. மடல் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மூன்றாவது கணினி விழுந்தது. எழும்பவேயில்லை.

3

மாக்கிறட் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு அமைதியான பெண்ணை யார் நம்புவார்கள்? கந்தோரில் ரேடியோ பார்ப்பவள் அவள். அவளுடைய தம்பி பஸ்ரியன் இலுப்பைக்கடவைக் கிளையில் லொறி ஓட்டினான். அந்தப் பக்கம் சில நாட்களாக ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். ‘கண்ணீர் அவள் கன்னத்தில்—’ வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. கேட்டது இவ்வளவுதான்:

“அண்ணை, அதுக்குள்ள கிடக்கிறது தம்பியின்ர மெயிலோ?”

இருக்கலாம் என்றேன். எங்கள் தொழிலில் அது பொய்க் கணக்கில் சேராது.

4

காலைப் பிரதியைத் திரும்ப ஏற்றினால் எல்லாம் ஓடும். ஆனால் பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை. விழுந்துகிடப்பதை அழித்தால்தான் பிரதி ஏறும். அழித்தால் திறக்காத அந்த மடலும் போகும். அழிக்காமல் காத்திருந்தால் கொழும்பிலிருந்து பெரிய டிஸ்க் வரலாம், வழியிலுள்ள சோதனைச்சாவடிகள் எல்லாம் விட்டால். அதுவரை வன்னியிலிருந்து யார் என்ன அனுப்பினாலும் எங்களுக்கு வராது.

பொறுப்பாளர் ஏரம்பு சேரிடம் போனேன். யோசித்துச் செய்யும் என்றார். கொழும்புத் தலைமைக் கந்தோர், சூழ்நிலைக்கு ஏற்ப நடக்கச் சொன்னது. தாராபுரத்திலிருந்து காவல் வேலைக்கு வரும் வஸீர் நானா, அல்லாஹ் விட்ட வழி என்றார்.

(அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அந்த வருடங்களில் எதற்கும் தெளிவாக ‘ஓம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொன்னவனைப் பிறகு யாராவது தேடி வந்தார்கள்.)

5

முடிவு ஒன்று: பிரதியை ஏற்றுகிறேன். அன்று பின்னேரமே பஸ்ரியன்— (மலிவு.)

முடிவு இரண்டு: காத்திருக்கிறோம். டிஸ்க் வருகிறது. மடலைத் திறந்தால், லொறிக்கு டயர் கேட்டு— (பகிடிதான். மாக்கிறட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.)

மூன்றாவது முடிவை, வாசகரே, உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்றிருந்தேன். எனக்குப் பழக்கமான வேலை. அன்றும் அதைத்தான் செய்தேன். மாக்கிறட்டுக்குக் கதிரையை இழுத்துப்போட்டு, நிலைமையை விளங்கப்படுத்தி, அழிக்கட்டோ, வைச்சிருக்கட்டோ என்று கேட்டேன்.

அழித்தால் எவ்வளவு நேரத்தில் ஓடும் என்றாள். ஒரு மணித்தியாலம் என்றேன்.

“அழியுங்கோ. அவன் இருந்தால் திரும்ப எழுதுவான். இல்லையெண்டால், அதைச் சொல்லவாவது ஆரும் எழுதுவினம். வாறதை வாங்க இது ஓடவேணும், அண்ணை.”