ஏழாவது தட்டு

கடைக்குத் தொண்ணூற்றைந்து வயது. குன்னெலின் தாத்தா மரம் அறுக்கும் மில் ஆட்களுக்கு ரொட்டி சுட்டு ஆரம்பித்தது. அப்பா நாலு மேசை போட்டுக் காபி ஊற்றினார். பிறகு மில் மூடியது. மேசையில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சர்ச்சுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார்கள். இப்போது கடை குன்னெல் கையில்; அவர்களுடைய அடக்கம் முடிந்ததும் சர்ச் மண்டபத்தில் கொடுக்கும் சாவுக் காபிதான் அதற்குச் சோறு போடுகிறது.

ஜனவரியிலிருந்து அதையும் சூப்பர் மார்க்கெட்டுக்கே கொடுத்துவிடலாமா என்று சர்ச் கமிட்டி யோசித்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சிக்ஸ்டன், எலோஃப் கிழவரின் அடக்கத்தன்று தின்று பார்த்துச் செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டும். அவன் சொல்வதுதான் முடிவு.

சாவுக் காபிக்கு ஏழு வகை பிஸ்கட். ஸ்வீடன் முழுக்க அதுதான் வழக்கம். ஆறு வைத்தால் கஞ்சத்தனம், எட்டு வைத்தால் பவிசு. உலகப் போரின்போது சர்க்கரையை அளந்து கொடுத்த காலத்தில்கூட இந்தக் கடை ஆறோடு நிறுத்தியதில்லை.

எலோஃபின் அடக்கத்தன்று காலை ஆறாவது வகை வெந்து வெளியே வந்ததும் அடுப்பு 'டொக்' என்று அணைந்தது. குன்னெல் சுவிட்சைத் தட்டினாள், கதவை உதைத்தாள், பிறகு அதன்மேல் கையை வைத்து நின்றாள். சூடு இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழாவது தட்டில் ஓட்ஸ் மாவு பச்சையாகக் கிடந்தது.

"அந்த மாடலாம்மா? அதுக்குப் பார்ட்ஸ் வர்றது நின்னே பத்து வருஷமாச்சே" என்றான் மெக்கானிக் போனில்.

கோட்டை மாட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள்.

"அட, நீங்களா? வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தாள் கல்லாப் பெண்.

"பூனைக்கு ஏதாச்சும் வாங்கலாம்னு."

"பூனை ஓட்ஸ் பிஸ்கட்டா திங்குது?"

தன் கடைக்குத் திரும்பி, வாங்கிய பிஸ்கட்டுகளைப் பூப்போட்ட தட்டில் அடுக்கினாள். காலி உறைகளைச் செத்த அடுப்புக்குள் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

மண்டபத்தில் எல்லோரும் காபி குடித்தார்கள், எலோஃபைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது கோப்பையோடு சிக்ஸ்டன் வந்தான். அவளோடு பள்ளியில் படித்தவன்.

"குன்னெல், மத்ததெல்லாம் கொஞ்சம் கெட்டிதான். வந்திருக்கிறது பல்லு போன கூட்டம், தெரியுமில்ல? ஆனா இந்த ஓட்ஸ் பிஸ்கட் இருக்கே, அப்படியே உங்கப்பா கை! இதைத்தான் கமிட்டியில சொல்லப்போறேன். ருசி போகல, குன்னெலே செய்யட்டும்னு."

அவள் பூப்போட்ட தட்டைப் பார்த்தாள். ஒன்றுகூட மீதமில்லை. இனி ஒவ்வொரு சாவுக்கும் அந்தக் கல்லாவில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

"அது சூப்பர் மார்க்கெட் பிஸ்கட், சிக்ஸ்டன்."

"போடி, வயித்தெரிச்சல்ல பேசாத" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "அப்போ நான் என்னன்னு சொல்லட்டும்?"

"தின்னதச் சொல்லு."

கையிலிருந்த பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் வாயில் போட்டுக்கொண்டான். குன்னெல் மற்ற ஆறு தட்டுகளையும் துணி போட்டு மூடினாள். கொண்டு வரும்போது இருந்ததைவிட அவற்றின் கனம் அதிகம் குறைந்திருக்கவில்லை.