நனையாத நாற்பத்தொரு வீடுகள்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் நாள், புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு ஆறு அபாயக் கோட்டைத் தாண்டியது. ஆற்று வளைவில் நாற்பத்தொரு பழங்குடிக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. ஆனால் தண்ணீர் கரையேறிய அந்த நேரத்தில் அங்கே ஒரு வீடுகூட இல்லை. திங்களும் செவ்வாயுமாக இரண்டே நாள்களில் நாற்பத்தொரு வீடுகளையும் அவிழ்த்து, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த மேட்டுக்குச் சுமந்துசென்று, அங்கே திரும்பக் கட்டி முடித்திருந்தார்கள்.

அந்த வீடுகளில் ஆணி என்பதே கிடையாது. மூங்கில் தூண்கள், பாய்போலப் பின்னிய சுவர்கள், நான்கு துண்டாகப் பிரியும் கூரை; இவற்றையெல்லாம் பிணைத்து நிறுத்துவது பிரம்புக் கட்டு. எந்தத் தூண் எந்த மூலைக்கு உரியது என்பதற்குத் தூணிலேயே வெட்டுக்குறி உண்டு. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வீடு இரண்டு மணி நேரத்தில் கட்டுக்கட்டாகத் தரையில் கிடக்கும். ஆற்றோடு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. தண்ணீர் கேட்கும்போது இடத்தைக் கொடுத்துவிடுவார்கள்; வடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள்.

கரையைக் காலிசெய்யச் சொல்லும் அரசுச் சுற்றறிக்கை வந்ததும், அவிழ்க்கும்படி தொலைபேசியில் சொன்னவள் நகரத்து வெள்ள நிவாரண அலுவலகத்தின் எழுத்தர். அந்த வளைவிலேயே பிறந்தவள். வளைவின் தலைவர் அவளுடைய அண்ணன். பழங்குடி ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் அவளுக்கு ‘ஆபீஸ்காரி’ என்று பெயர். தேதியிடாத தாளை அவள் கையால் தொடமாட்டாள். பிழையோடு வந்த சுற்றறிக்கையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அலுவலகத்தின் தலைவரான தனி அலுவலருக்கே திருப்பி அனுப்பிய பெருமையும் அவளுக்கு உண்டு. ஒழுங்காக எழுதிய ஒன்றை அரசாங்கம் ஒழுங்காகப் படிக்கும் என்று அவள் மனதார நம்பினாள்.

தண்ணீர் வடிந்தபோது வளைவில் இடத்தைத் திருப்பி வாங்க வழியில்லாமல் போயிற்று. ஆறு கரையையே அறுத்துக்கொண்டு போயிருந்தது. நாற்பத்தொரு மனைகளில் முப்பத்து நான்கு இருந்த இடத்தில் இப்போது பழுப்பு நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு உயரமான நிலத்தில் பட்டாவோடு மனையும் வீடும் கிடைக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் உயரமான நிலம் என்று இருந்தது ஒன்றே ஒன்று: வளைவு மக்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் ஏறி அமர்ந்த அந்த மேடு. வீடிழந்தோர் பட்டியலில் பெயர் இருந்தால் மேடு அவர்களுக்குச் சொந்தம். பெயர் இல்லாவிட்டால் காலூன்ற இடமில்லை.

ஜூலை 29ஆம் நாள் சேதம் அளக்கும் பொறியாளர் வந்தார். எழுத்தரும் பதிவேட்டோடு உடன் வந்தாள். பொறியாளர் சேற்றில் ஒரு காலும் புல்லில் ஒரு காலுமாக நின்று, மிஞ்சியிருந்த கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“வீடெல்லாம் எங்கம்மா?” என்று எழுத்தரின் அண்ணியிடம் கேட்டார்.

“மேல நிக்குதுங்க சார்.”

“அது நல்ல வீடு. இடிஞ்ச வீடு எங்க?”

“இடியலைங்க. அவிழ்த்துட்டோம்.”

“அவிழ்த்தீங்களா? வீடுன்னா கட்டுவாங்க, இடிப்பாங்க. அவிழ்க்கிறதுக்கு அது என்ன சட்டைப் பொத்தானா?”

“உங்க வீட்டுக்கு நடக்கத் தெரியாது சார். எங்க வீட்டுக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றாள் அண்ணி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கையிலிருந்த படிவம் சிரிக்கக்கூடியதன்று. அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை. முதலிரண்டில் குறியிட வேண்டுமானால் விழுந்த சுவரோ சரிந்த கூரையோ அதே இடத்தில் கிடப்பதைப் படமெடுத்து ஒட்ட வேண்டும். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் சிமெண்டு வீடுகள் அறுபத்து மூன்று இருந்தன. அவை நான்கு நாள் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தன. காலையில் அங்கே அறுபத்து மூன்று முழுச் சேதம் பதிவாகியிருந்தது. அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை யாரும் மறுக்க முடியாது.

“அவங்களையும்தான் கூப்பிட்டோம், மூட்டையைக் கட்டுங்க, ஏறி வாங்கன்னு,” என்றாள் அண்ணி. “சிரிச்சாங்க. அவங்களுக்கு வீடு, எங்களுக்கு வெறுங்கையா? நனையாம வெச்சது குத்தமா சார்?”

பொறியாளர் கெட்ட மனிதர் அல்லர். எழுத்தரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், நான் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு மறுபடி வர்றேன். அதுக்குள்ள பத்துக் கூரையைக் கீழ இறக்கி, சேத்துல புரட்டி, நாலு மிதி மிதிச்சுப் போட்டா எனக்கு ஒரு படம் கிடைக்கும். மத்ததை நான் பாத்துக்கறேன். நான் எதையும் சொல்லலை, நீங்களும் எதையும் கேக்கலை.”

அவர் ஜீப்பு மறைந்ததும் அவள் அதை அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தாள். தன் கையால் கட்டிய வீட்டைத் தானே மிதிப்பதா என்று அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார்.

“சரி, மிதிச்சுத் தொலைப்போம். நிலம் வேணும்ல,” என்றார்.

அண்ணி அதற்குள் கட்டறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முதல் கூரை தன் வீட்டுக் கூரைதான் என்றாள்.

“அண்ணி, வேண்டாம். கத்தியைக் கீழ வைங்க,” என்றாள் எழுத்தர்.

“ஏன், உன் ஆபீஸ்ல திட்டுவாங்களா?”

“பொய்யில வாங்கின பட்டாவுக்கு ஆயுசு கம்மி அண்ணி. யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா போதும், நிலமும் போகும், நீங்களும் உள்ள போவீங்க. நடந்ததே நமக்குச் சாதகமாத்தானே இருக்கு? அரசாங்கம் காலி பண்ணச் சொல்லுச்சு, நாம பண்ணினோம். சுற்றறிக்கை எண்ணோட இருக்கு. கரை போனதுக்கு வரைபடம் இருக்கு. நான் எழுதறேன்.”

“நீ எழுதுவம்மா. அவங்க படிக்கணுமே.”

“சும்மா இரு,” என்று அண்ணன் மனைவியை அடக்கினார். “பத்தொன்பது வருஷமா அங்கதான் தங்கச்சி குப்பை கொட்டுது. அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?”

அண்ணி கத்தியைக் கூரையிடுக்கில் செருகினாள். மூன்று மணிக்கு வந்த பொறியாளர், மேட்டில் நாற்பத்தொரு வீடுகளும் பழுதில்லாமல் நிற்பதைப் பார்த்தார். எழுத்தரையும் ஒருமுறை பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் நாற்பத்தொரு குறிகளை இட்டுவிட்டுப் போனார்.

அவள் குறிப்பை எழுத ஐந்து நாள் எடுத்துக்கொண்டாள். ஆறு முறை அடித்துத் திருத்தினாள். மூன்று பக்கம், ஒரு சொல் மிகையில்லை. சுற்றறிக்கையின் எண், தேதி, அது வளைவுக்குச் சொல்லப்பட்ட நேரம். வீடுகள் அவிழ்க்கப்பட்ட வரிசை. ஆறு கொண்டுபோன கரையின் நீளம், அகலம் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் பக்கத்தில், ‘மேற்படி குடும்பங்கள் அனைத்தும் தற்போது மேட்டு நிலத்திலேயே வசித்துவருகின்றன, அவற்றுள் முப்பத்து நான்குக்குக் கீழே திரும்பிச் செல்ல இடம் இல்லை’ என்று முடித்தாள். வரைபடத்தில் நாற்பத்தொரு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சதுரமிட்டு எண் கொடுத்திருந்தாள். தட்டச்சு செய்து முடித்த அன்று அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு நிவாரணக் குழு கூடியது. நீள மேசையின் தலைப்பக்கத்தில் தனி அலுவலர். அவருக்கு வலப்புறம் சட்ட அலுவலர். கூட்டக் குறிப்பு எடுப்பது எழுத்தரின் வேலை. அவள் கடைசி நாற்காலியில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

தனி அலுவலர் மூன்று பக்கத்தையும் நிதானமாக, வரி விடாமல் படித்தார்.

“யார் எழுதினது இது?”

“நான்தான் சார்.”

“பிரமாதம். இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு குறிப்பை நான் பாத்ததே இல்லை. நம்ம எச்சரிக்கை வேலை செஞ்சிருக்குன்னு மேலிடத்துக்குக் காட்ட இதைவிட வேற என்ன வேணும்? ஒரு வீடு நனையலை!”

அவளுக்குக் காது சிவந்தது. சட்ட அலுவலர் மூன்றாம் பக்கத்தை விரலால் தட்டினார்.

“அது சரி சார், இதைப் பாருங்க. நாற்பத்தொரு குடும்பமும் இப்போ மேட்டுல இருக்குன்னு போட்டிருக்கு. படத்துல எண்ணோட காட்டியிருக்கு. அங்கதானே அறுபத்து மூணு மனை அளக்கணும்? இடம் காலியா இல்லைன்னு நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே.”

“தூக்கிட்டுப் போற வீடுதானே?” என்றார் தனி அலுவலர். “தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. மேல ஏத்தத் தெரிஞ்சவங்களுக்குக் கீழ இறக்கத் தெரியாதா?”

மேசையைச் சுற்றி மெல்லிய சிரிப்பு எழுந்தது. குறிப்பெடுப்பவர் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. அவள் பேசினாள்.

“சார், கீழ கரையே இல்லை. ரெண்டாம் பக்கத்துல அளவு குடுத்திருக்கேன்.”

“கரை போனா அது பாசனத்துறை மேடம். நம்ம பொறுப்பு வீடு. வீடு போச்சா? போகலைன்னு நீங்களே அழகா எழுதியிருக்கீங்க.”

“அதுல ஏழாம் எண் எங்க அண்ணன் வீடு சார்.”

தனி அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ நீங்க இந்த விஷயத்துல வாயைத் திறக்கறதே முறையில்லை. அதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம். தீர்மானத்தைச் சொல்றேன், எழுதுங்க.”

அவள் எழுதினாள். எழுத்து எப்போதும்போல் அச்சடித்ததுபோலவே இருந்தது.

மறுநாள் அவள் மேட்டுக்குப் போனாள். தீர்மானத்தின் நகலை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“நீ எழுதினதைப் படிச்சாங்களா?”

“படிச்சாங்க அண்ணே.”

“ஒழுங்காப் படிச்சாங்களா?”

“ஒரு வரி விடாம.”

“புரிஞ்சுதா அவங்களுக்கு?”

“நல்லாப் புரிஞ்சுது,” என்றாள்.

அண்ணி வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அண்ணியோ அவளுக்கு உட்காரப் பாயை விரித்தாள், வெளியாளுக்கு விரிப்பதைப்போல.

குழு தீர்மானித்தவை இவை: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அறுபத்து மூன்றுக்கும் மேட்டு நிலத்தில் மனையும் வீடும் வழங்கப்படும். ஆற்று வளைவின் நாற்பத்தொரு குடும்பங்களும் வெள்ளத்தால் பாதிக்கப்படாதவை என்பதால் பட்டியலில் சேர்க்கப்படமாட்டா. செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் அவை மேட்டைக் காலிசெய்ய வேண்டும். முன்னெச்சரிக்கையாக நடந்துகொண்டமைக்காக வளைவின் தலைவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும். எழுத்தர் முறையாக ஒரு மேல்முறையீடு அனுப்பினாள்; சேதமில்லை என்று அவளே தன் குறிப்பில் பதிவுசெய்திருப்பதாகக் காட்டி அது பன்னிரண்டே நாளில் திரும்பி வந்தது.

வளைவு மக்கள் செப்டம்பர் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை கூடித் தீர்மானித்தவை இவை: மிஞ்சிய ஏழு மனைகளில் நாற்பத்தொரு வீடுகளையும் நெருக்கிக் கட்டிக்கொள்வது. அடுத்த வெள்ளத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் விதைகளையும் மட்டும் மேலேற்றுவது. வீடுகளின் கட்டுகளை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. அவை தண்ணீரிலேயே நின்று விழட்டும். விழுந்ததைப் படமெடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. யாருக்காவது மறுப்பு உண்டா என்று அண்ணன் கேட்டார். எழுத்தர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை.