கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஊர்ச் சாக்கடை வந்து விழும் வாயில், கம்பிச் சல்லடைக்கு முன்னால் நின்று குல்பாரம் முள்வாரியால் இழுத்துக்கொண்டிருந்தாள். கந்தல் துணி, தலைமயிர்ப் பந்து, முலாம்பழத் தோல், ஒரு குழந்தையின் காலுறை. எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் போட்டாள். காலையிலிருந்தே பாலைவனப் பக்கத்துக் காற்று. மணல் பல்லில் நறநறத்தது. தலையைத் திருப்பினால் யந்திரக் கட்டடத்தின் கண்ணாடி தெரியும் என்பதால் திருப்பாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஷெக்கர் உட்கார்ந்திருந்தாள். குல்பாரத்தின் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. எண்ணெய் வயலுக்குப் போன கொழுந்தன் வீட்டை மறந்துவிட்டபோது, இவளைக் கூட்டிவந்து சல்லடை வேலையில் சேர்த்துவிட்டதே குல்பாரம்தான். இருவரும் ஒரே முள்வாரியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். போன வசந்தத்தில் புது யந்திரங்கள் வந்தன. ஷெக்கருக்குக் கணினி தெரியும் என்று இயக்குநர் சார்சென் அவளை உள்ளே உட்கார வைத்தார்.

அதிலிருந்து குல்பாரத்துக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. ஷெக்கர் நகத்துக்குச் சாயம் பூசியதைப் பார்த்தாள். கல்யாண விருந்தில் கதவோரம் உட்கார வைக்கப்பட்டிருந்தவளை நடுமேசைக்கு அழைத்ததைப் பார்த்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஷெக்கரின் மகள் வாசலுக்கே ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. குல்பாரத்தின் மகள் கதவைப் பாதி திறந்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு, "மொதல்ல குளிச்சிடும்மா" என்பாள்.

மதியத்துக்குள் காற்று புயலாயிற்று. ஷெக்கர் முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவந்தாள். தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் யந்திரத்தின் வடிகட்டியை மணல் அடைத்துக்கொண்டிருந்தது. புது வடிகட்டி வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டும் சார்சென் வாங்கவில்லை. அவரைக் கேட்காமல் யந்திரத்தை நிறுத்தவும் கூடாது. அவரோ போனை எடுக்கவில்லை. பின்பக்கம் போய் மணலைத் தானே தட்டிவிடப் போவதாகச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் உள்ள உக்காருக்கா. செவப்பு விளக்கு எரிஞ்சா பொத்தான அமுக்கி நிறுத்திடு. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாற்காலிய உனக்குத்தான குடுத்தாங்க?"

"அக்கா, மோட்டார் கருகிடும்."

"நாலெழுத்து படிச்சவ நீ பாத்துக்க. எனக்கு இந்த வாரியே போதும்."

ஷெக்கர் புயலுக்குள் போனாள். குல்பாரம் முள்வாரியை இழுத்தபடி அங்கேயே நின்றாள். கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. காலியாக இருந்த நாற்காலி அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. பிறகு கருகிய ரப்பர் வாடை வந்தது.

மறுநாள் சார்சென் இருவரையும் முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார். வடிகட்டியைப் பற்றி ஷெக்கர் பேச வாயெடுத்தபோது கையமர்த்திவிட்டுக் குல்பாரத்தின் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் எரிஞ்சப்ப இவ எடத்துல இருந்தாளா, இல்லயா?"

"இல்ல" என்றாள் குல்பாரம். அது உண்மைதான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஷெக்கர் சல்லடைக்குத் திரும்பினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது குல்பாரத்துக்கு. சாயம் உரிந்த விரல்களால் வாரியைப் பிடித்து அவள் பாட்டுக்கு இழுத்தாள். குல்பாரம் தினமும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். உள் வேலை கிடைக்கப்போகிறது என்று மகளிடமும் சொல்லியிருந்தாள்.

நாற்காலிக்கு வந்தது சார்செனின் மைத்துனர் மகன் டானியார். யந்திரம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவனோடு ஒரே லாரியில் புது மோட்டாரும், பெட்டி பெட்டியாக வடிகட்டிகளும், ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வந்து இறங்கின.

குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிவரச் சொல்லி இரண்டு பெண்களுக்கும் ஆளனுப்பினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுபோல அடியெடுத்து வைத்து நடந்தார்கள். வாசலில் டானியார் அவர்களை நிறுத்தி, கால்களைப் பார்த்தான். பாரத்தை இறக்காமலே இருவரும் ஒரு காலால் மறுகாலின் பூட்ஸை நெட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். குல்பாரம் அந்த அறைக்குள் கால் வைத்தது அன்றுதான். தரை வழவழப்பாக, சில்லென்று இருந்தது.

பெட்டியை ஜன்னலடியில் இறக்கினார்கள். டானியார் இரண்டு பழந்துணிகளை எடுத்துப் போட்டான். வியர்வையில் பதிந்திருந்த தங்கள் கால்தடங்களை ஷெக்கர் ஒரு பக்கமும் குல்பாரம் ஒரு பக்கமுமாக, மண்டியிட்டு, பின்னோக்கி நகர்ந்தபடியே வாசல்வரை துடைத்துக்கொண்டு வந்தார்கள்.